பார்க் லைற்றுக்கு எல்இடி: நிலைக்கும் பல்பை வாங்கும் முன்பே அறிவது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் 2007 டொயோட்டா அக்சியோ இருக்கிறது. முன்பக்கப் பார்க் லைற்றுக்கு எல்இடி போட்டீர்கள். சோடி சோடியாக மாற்றியும் சில மாதங்களில் மினுக்கத் தொடங்கிப் பிறகு அணைந்துபோகிறது. பெரும்பாலும் வலது பக்கம்தான் முதலில் போகிறது. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கராஜில் வேலை செய்யும் பாஸ் சொல்கிறார். எந்தப் பிராண்ட் வாங்கினால் நிம்மதியாக இருக்கலாம் என்று கேட்கிறீர்கள். பிராண்ட் என்று கேட்டாலும், உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு: ஒரே அளவில், ஒரே மாதிரிப் பெட்டியில் தொங்கும் பல்புகளில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதைக் காசு கொடுக்கும் முன்பே அறியும் வழி. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். வயரிங் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் பல வருடங்களாக வாகன மின்வேலை செய்கிறேன். எலெக்ட்ரோனிக்ஸ் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் என்பதால், பழுதான பல்பை வீசாமல் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. கீழே உள்ளதில் பெரும்பகுதி அந்த மேசையில் பார்த்தது.

முதலில் பார்க் லைற் எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். வீதியைப் பார்க்க ஹெட்லைற் இருக்கிறது. பார்க் லைற் மற்றவர்கள் உங்கள் வாகனத்தைப் பார்ப்பதற்கு. அதில் வரும் டி10 பல்ப், அதாவது பெட்டியில் டபிள்யூ5டபிள்யூ என்று போட்டிருக்கும் கண்ணாடிப் பல்ப், 12 வோல்ட் 5 வாட். அது தரும் வெளிச்சம் சுமார் 50 லுமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு) மட்டுமே. ஐரோப்பிய விதிமுறைப்படி முன்பக்கப் பார்க் லைற் நேர் முன்னால் 4 கண்டெலா (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் அளவு) கொடுத்தாலே போதும். ஆனால் அது வெளிப்பக்கமாக 80 பாகை வரைக்கும், உள்பக்கமாக 45 பாகை வரைக்கும் தெரிய வேண்டும் என்று அதே விதிமுறை கேட்கிறது. வெளிச்சம் கொஞ்சமாக இருந்தாலும் பரவலாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். குறுக்கு வீதியில் இருந்து காலி வீதி போன்ற பெரிய வீதிக்கு ஏறப்போகும் ஓட்டோக்காரருக்கு உங்கள் காரின் மூலை தெரிய வேண்டும், அதுதான் வேலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்இடி வாங்குபவர்கள் கடையில் செய்யும் ஒரே சோதனை எது கூடப் பிரகாசம் என்று பார்ப்பதுதான். கடைக்காரரும் பற்றரியில் தொட்டுக் காட்டுவார், கண் கூசும், வாங்கிவிடுவோம். அந்தப் பிரகாசம்தான் சில மாதத்தில் பல்பைக் கொல்கிறது. 50 லுமன் போதுமான இடத்தில் 50 லுமனுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து, சூடாகாமல் எரியும் பல்ப்தான் நீடிக்கும். மங்கலாகத் தெரிகிறதே என்று நீங்கள் ஒதுக்கிவைத்த பல்ப்தான் அநேகமாகச் சரியான பல்பாக இருக்கும்.

சூடு என்றதும், பழைய பல்பும்தானே சுட்டது என்று கேட்பீர்கள். உண்மை, 5 வாட்டில் மிகப் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். ஆனால் அந்தப் பல்பின் இழை சூட்டிலேயே வேலை செய்யப் படைக்கப்பட்டது. சூட்டைக் கண்ணாடி வழியாகக் கதிராக வெளியே விட்டுவிடும். எல்இடி அப்படி இல்லை. முன்பக்கம் வெளிச்சம் போகும், சூடு பின்பக்கமாகச் சிப்பில் இருந்து அது பதிந்திருக்கும் சர்க்கிட் தகட்டுக்கும், தகட்டில் இருந்து அடிக்கும் இறங்க வேண்டும். அடி எங்கே செருகியிருக்கிறது? பிளாஸ்டிக் ஹோல்டரில். ஹோல்டர் எங்கே இருக்கிறது? காற்றோட்டம் அதிகம் இல்லாத லைற் கூட்டுக்குள், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், பல கார்களில் 55 வாட் ஹெட்லைற் பல்புக்கு விரல் தூரத்தில். ஆக 1 வாட் எல்இடிக்குக்கூடச் சூடு வெளியேற வழி கிடைக்காது. நம்மூர் மத்தியான வெயிலில் நின்ற காரை எடுத்துக்கொண்டு மாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்தக் கூட்டுக்குள் என்ன நிலை என்று நினைத்துப் பாருங்கள்.

நான் பிரித்துப் பார்த்த மலிவுப் பல்புகளில் கூடுதலாகக் கண்ட பழுது எல்இடி சிப் எரிந்தது அல்ல. உருப்பெருக்கியில் பார்த்தால், சிப்பின் காலடியில் ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். பக்கத்தில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த வைத்த ரெசிஸ்டரைச் சுற்றித் தகடு பழுப்பேறியிருக்கும். சூடேறும்போது எல்லாம் விரிந்து வெடிப்புத் திறக்கும், விளக்கு அணையும். அணைந்ததும் ஆறும், வெடிப்பு மூடும், மறுபடி எரியும். நீங்கள் சொன்ன மினுக்கம் பெரும்பாலும் இதுதான். குளிரில் ஒழுங்காக எரிந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மினுக்கத் தொடங்கினால் பல்புக்குள் இந்த வெடிப்பு இருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். பள்ளத்தில் விழும்போது மட்டும் மினுக்கினால் ஹோல்டர் தொடுகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது வோல்ட். காரில் 12 வோல்ட் என்று சொல்கிறோம், ஆனால் எஞ்சின் ஓடாதபோது நல்ல பற்றரியில் சுமார் 12.5 வோல்ட் இருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் மின்சாரம் உண்டாக்கும் அல்டர்னேட்டர் அதை 14 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும், 14.4 வரை போவது சாதாரணம். இழைப் பல்புக்கு இது பெரிய விஷயம் இல்லை. வெள்ளை எல்இடிக்கு ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் தேவை. மூன்றைத் தொடராக வைத்தால் 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூட. மிச்ச வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். எஞ்சின் ஓடாதபோது மிச்சம் 3 வோல்ட் சொச்சம், ஓடும்போது மிச்சம் 5 வோல்ட். எல்இடிக்குள் ஓடும் மின்னோட்டம் அந்த மிச்சத்தைப் பொறுத்தது என்பதால், பற்றரி வோல்ட் பதினைந்து வீதம் கூடும்போது மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. கடை மேசையில் பற்றரியில் தொட்டுக் காட்டியபோது சரியாக இருந்த பல்ப், வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தன் அளவுக்கு மேல் வேலை செய்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சோடிகள் பெரும்பாலும் இந்த ரகம்.

நல்ல பல்பில் ரெசிஸ்டரை மட்டும் நம்பாமல், மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும் சிறிய ஐசி ஒன்று இருக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு மல்டிமீற்றர் போதும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகவே கிடைக்கும். மீற்றரை 10 அம்பியர் துளையில் வைத்து, பற்றரிக்கும் பல்புக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். பற்றரிப் பக்கத்தில் 1 அம்பியர் பியூஸ் ஒன்றையும் போடுங்கள், கை தவறி வயர் முட்டினால் கார் பற்றரி விளையாட்டுச் சாமான் இல்லை. எஞ்சின் ஓடாதபோது ஒரு அளவு, எஞ்சின் ஓடும்போது இன்னொரு அளவு எடுங்கள். 10 அம்பியர் துளையில் கடைசி இலக்கம் நொண்டினால், பல்ப் கொஞ்சமாகத்தான் இழுக்கிறது என்று உறுதியான பிறகு மில்லி அம்பியர் துளைக்கு மாற்றலாம். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் உள்ளே ஒழுங்கான கட்டுப்பாடு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மின்னோட்டம் கொஞ்சம் குறைந்தால் அது மின்சாரத்தை மிக வேகமாக விட்டு விட்டுக் கொடுத்துக் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச்சிங் வகை டிரைவர், அதுவும் நல்லதுதான். மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடினால் உள்ளே ரெசிஸ்டர் மட்டும்தான், அந்தப் பல்ப் வேண்டாம்.

இதே அளவு இன்னொரு உண்மையையும் சொல்லித் தரும். பெட்டியில் 800 லுமன், 1000 லுமன் என்று போட்டிருப்பார்கள். மீற்றரில் 80 மில்லி அம்பியர் காட்டினால், 14 வோல்ட்டால் பெருக்குங்கள், 1.1 வாட் வரும். வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு நூறில் இருந்து நூற்றைம்பது லுமன் கொடுத்தாலே நல்ல எல்இடி. ஆக அந்தப் பல்ப் மிஞ்சிப்போனால் நூற்றுச் சொச்சம் லுமன். உண்மையிலேயே 1000 லுமன் தர வேண்டுமென்றால் ஏழெட்டு வாட் வேண்டும், விரல் நுனி அளவான உடம்பில் அந்தச் சூட்டைத் தாங்க இடமே இல்லை. பெட்டியில் இப்படி எழுதியவர் வேறு எதையும் உண்மையாக எழுதியிருப்பார் என்று நான் நம்புவதில்லை. 50,000 மணித்தியாலம் என்பதும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் எரித்தால் அது 68 வருடம். அந்த எண் நல்ல குளிர்ச்சியில் வைத்த எல்இடி சிப்புக்குரியது. அதைச் சுற்றியுள்ள ஈயப்பற்றுக்கும், ரெசிஸ்டருக்கும், அடியில் வளைத்துவிட்ட மெல்லிய கம்பிக்கும் அது பொருந்தாது.

அளந்து முடிந்ததும் அதே பல்பை எஞ்சின் ஓடும் வோல்ட்டில் அரை மணித்தியாலம் எரியவிடுங்கள், மேலே ஒரு சின்ன டப்பாவைக் கவிழ்த்துவிட்டால் இன்னும் நல்லது. பிறகு உடம்பைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்துப் பிடிக்க முடியாவிட்டால் ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் போய்விட்டது. வெளிக் காற்றிலேயே அப்படியென்றால் லைற் கூட்டுக்குள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் இருந்த பிரகாசம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தாலும் வேண்டாம்.

சரி, கடையில் மீற்றரோடு நிற்க முடியாது, கண்ணால் பார்த்து எதைச் சொல்லலாம்? தகட்டைப் பாருங்கள். மூன்று இலக்கம் அச்சடித்த சின்னக் கறுப்புச் சதுரங்கள் மட்டும் இருந்தால், உதாரணமாக 151 என்றால் 150 ஓம், அவை ரெசிஸ்டர்கள். கால் உள்ள ஒரு ஐசியும் இருந்தால் நம்பிக்கை கொஞ்சம் கூடும். ஆனால் நான்கு கால் உள்ள ஒன்று வெறும் டயோட் பாலமாகவும் இருக்கலாம், எந்தப் பக்கம் செருகினாலும் எரிவதற்காக வைப்பது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது. அதனால் கண் பார்வையை முதல் சல்லடையாக மட்டும் எடுங்கள். 5050, 3030, 4014 என்று சொல்லும் எண்கள் தரத்தைக் குறிப்பவை அல்ல, சிப்பின் நீள அகலத்தைத்தான் சொல்கின்றன: 5050 என்றால் 5 மில்லிமீற்றருக்கு 5 மில்லிமீற்றர். இருபது முப்பது குட்டிச் சிப்புகளை வைத்து மேலே ஜெலி மாதிரி சிலிக்கன் பூசிய பல்புகளை நான் வாங்குவதில்லை, வெளிச்சம் அழகாகப் பரவும், ஆனால் சூடு சிலிக்கனுக்குள்ளேயே நின்றுவிடும். உலோக உடம்பு, குறைந்த எண்ணிக்கையில் பெரிய சிப்புகள், அவை நுனியில் மட்டும் இல்லாமல் பக்கங்களிலும் இருக்க வேண்டும். பக்கச் சிப்பு ஏன் முக்கியம் என்றால், லைற் கூட்டில் இருக்கும் கண்ணாடிப் பிரதிபலிப்பான் எல்லாப் பக்கமும் ஒளி விடும் இழைக்காகச் செய்தது. நுனியில் மட்டும் எரியும் பல்பைப் போட்டால் நேர் முன்னால் ஒரு புள்ளி கண்ணைக் குத்தும், பக்கத்தில் இருந்து பார்த்தால் இருட்டு. நான் மேலே சொன்ன 80 பாகை அப்போது போய்விடும். போட்ட பிறகு காரின் முன்னால் மட்டும் நிற்காமல், முன்சக்கரத்துக்கு நேராகப் பக்கவாட்டில் நகர்ந்து போய்ப் பாருங்கள்.

கான்பஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால் தரமானது என்று பலர் நினைக்கிறார்கள். பல்ப் பழுதாகிவிட்டதா என்று மின்னோட்டத்தைப் பார்த்து டாஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும் கார்கள் இருக்கின்றன, பிஎம்டபிள்யூ, ஔடி, பென்ஸ் போன்றவை. எல்இடி கொஞ்சமாக இழுப்பதால் அவை பல்ப் போய்விட்டதென்று நினைக்கும். அதை ஏமாற்ற, எல்இடிக்குப் பக்கவாட்டில் ஒரு ரெசிஸ்டரை வைத்து வீணாக மின்னோட்டம் இழுக்கவைக்கிறார்கள். அந்த வீண் மின்சாரம் முழுக்கச் சூடு, அதுவும் எல்இடிக்கு ஒட்டினாற்போல. உங்கள் அக்சியோ போன்ற அந்தக்கால ஜப்பான் கார்களில் முன் பார்க் லைற்றுக்குப் பொதுவாக இந்தக் கண்காணிப்பு இல்லை. இழைப் பல்ப் ஒன்றைக் கழற்றிவிட்டு லைற்றைப் போட்டுப் பாருங்கள், டாஷ்போர்டில் எதுவும் வராவிட்டால் உங்களுக்குக் கான்பஸ் தேவையே இல்லை. தேவையில்லாதவர் அதை வாங்கினால் காசு கொடுத்துச் சூட்டை வாங்குகிறார்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. அதைப் பெட்டியில் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 4000 தொடங்கி 6000 கெல்வின் வரை வெள்ளை என்று எடுக்கலாம், 6000 கொஞ்சம் குளிர்ந்த வெள்ளை. 8000, 10000 என்று போட்டவை நீலம். முன்பக்கம் வெள்ளைதான் இருக்க வேண்டும், நீல விளக்கோடு போனால் பொலிஸ் மறிப்பதில் வியப்பில்லை. ஹெட்லைற் ஹலஜனாகவே இருந்தால் நான் 4000 பக்கம் போவேன், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் எரியும்போது பொருந்தும். பின்பக்கத்துக்கும் எல்இடி போட நினைத்தால் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே போடுங்கள். வெள்ளை எல்இடியில் நீலமும் மஞ்சளும் கூட, சிவப்புக் குறைவு. சிவப்புக் கண்ணாடி வழியாக அது வெளிறி, இளஞ்சிவப்பாக, மங்கலாகத் தெரியும்.

ஒரு விஷயத்தை யாரும் கடையில் சொல்வதில்லை: எஃப்எம். ஸ்விட்ச்சிங் டிரைவர் உள்ள சில மலிவு எல்இடிகள் வானொலி இரைச்சல் விடும். பார்க் லைற்றைப் போட்டதும் சூரியன் எஃப்எம்மோ சக்தி எஃப்எம்மோ கரகரக்கும், அணைத்ததும் தெளிவாகும். வாகனத்தோடு வந்து ரேடியோ பழுது என்று சொன்னவர்களுக்குப் பல்பை மாற்றி அனுப்பியிருக்கிறேன். போட்ட அன்றே, சிக்னல் குறைவாக வரும் ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்து லைற்றைப் போட்டு அணைத்துப் பாருங்கள். இந்தக் காரணத்தாலேயே, ஒரு வாட்டுக்குக் குறைந்த பார்க் லைற்றுக்கு ஸ்விட்ச்சிங்கை விடச் சாதாரண நேரியல் ஐசி (விட்டு விடாமல் தொடர்ந்து கட்டுப்படுத்துவது) உள்ளதையே நான் விரும்புகிறேன். அது கொஞ்சம் கூடச் சுடும், ஆனால் சத்தம் போடாது. இது என் விருப்பம், எதிராகச் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

பிராண்ட் பெயருக்கு வருவோம். பிலிப்ஸ், ஓஸ்ராம் இரண்டும் வாகன எல்இடி செய்கின்றன, ஒரிஜினல் என்றால் நான் மேலே சொன்ன மின்னோட்டச் சோதனையில் தேறும் என்று எதிர்பார்க்கலாம். சிக்கல் அந்த ஒரிஜினல் என்ற சொல்லில்தான். வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரே பெட்டி இரண்டு கடையில் இரண்டு விலைக்குக் கிடைக்கும். அச்சுத் தரத்தையும் பெட்டியையும் பார்த்துக் கண்டுபிடிப்பது எனக்கே கடினம், இவற்றை அவ்வளவு நன்றாகப் போலி செய்கிறார்கள். அதனால் பில் எழுதித் தந்து, பழுதானால் மாற்றித் தரும் கடையையும், வீட்டில் மீற்றரையும் நம்புங்கள். பெயர் தெரியாத பல்ப் ஒன்று சோதனையில் தேறினால் அதை வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பெயர் பெற்றது தேறாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிச்சயமானதையும் சந்தேகமானதையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். சூடும் கட்டுப்பாடற்ற மின்னோட்டமும் எல்இடியைக் கொல்லும் என்பதில் சந்தேகமே இல்லை. எஞ்சின் ஓடும்போது பற்றரி டேர்மினலைக் கழற்றி அல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் நம்மூர்க் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. அது ஒரு கணத்துக்கு வோல்ட்டைப் பலமடங்கு ஏற்றி எல்இடியை மட்டுமல்ல, காரின் கணினியையும் பழுதாக்கலாம், இதுவும் நிச்சயம், யாரையும் செய்ய விடாதீர்கள். கடலோரக் காற்று எவ்வளவு தூரம் காரணம் என்பது அவ்வளவு தெளிவில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, மட்டக்குளிப் பக்கத்துக் கார்களில் ஹோல்டர் தகடுகள் பச்சை பிடித்திருப்பதைக் கூடுதலாகப் பார்க்கிறேன், ஆனால் அந்தக் கார்களில் பல பழையவையும்கூட, எது வயதால் வந்தது எது உப்பால் வந்தது என்று பிரிப்பது கடினம். இன்னொன்று என் ஊகம்: இழைப் பல்ப் அரை அம்பியருக்குக் கிட்ட இழுப்பதால் தொடுகையில் படிந்த மெல்லிய ஆக்சைடைத் தாண்டிவிடும், எல்இடி சில பத்து மில்லி அம்பியர் மட்டும் இழுப்பதால் அதே தொடுகையில் தடுமாறும். சிறு மின்னோட்டத்துக்குத் தொடுகைகள் இப்படி நடந்துகொள்வது தெரிந்த விஷயம்தான். பார்க் லைற்றில் இது எத்தனை பழுதுக்குக் காரணம் என்பதில்தான் அறுதியாகப் பேச மாட்டேன்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். இழைப் பல்புக்கென்று அங்கீகரித்த லைற் கூட்டில் எல்இடியை மாற்றிப் போடுவதை ஐரோப்பாவில் இலகுவில் ஒத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியில் 2020 இல்தான் ஹெட்லைற்றுக்கான எல்இடி பல்ப் ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தார்கள், அதுவும் பட்டியலில் உள்ள கார்களுக்கு மட்டும். அதனால்தான் பல நல்ல பிராண்டுகளின் எல்இடிப் பெட்டியிலேயே பொது வீதிக்கு அங்கீகாரம் இல்லை என்ற குறிப்பு இருக்கும். அது பல்பின் தரக்குறைவு என்று எடுக்க வேண்டாம்.

எல்இடி கட்டாயமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். இரண்டு பார்க் லைற்றும் சேர்ந்து 10 வாட், அதைக் குறைத்து எரிபொருள் மிச்சம் பிடிப்பது கணக்கில் வராது. இரவில் மட்டும் லைற் போடுபவருக்கு நல்ல பிராண்டின் சாதாரண 5 வாட் பல்ப் போதும், விலை அற்பம், காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சோடி உபரியாக வைக்கலாம். பகலிலும் பார்க் லைற்றோடு ஓடுபவர், அல்லது வீதியோரத்தில் லைற்றோடு நிறுத்திவைக்கும் வேலை உள்ளவர் என்றால் எல்இடிக்கு அர்த்தம் இருக்கிறது. முன் பின் பார்க் லைற்றும் இலக்கத்தகட்டு லைற்றும் சேர்ந்தால் 30 வாட் வரை வரும், அதாவது 2.5 அம்பியர். சிறிய கார் பற்றரி ஓர் இரவு அதைத் தாங்கினாலும் காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்பது சந்தேகம்.

இனி உங்கள் வலது பக்கம். பல்ப் மட்டுமே காரணமென்றால் ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது என்று மாறி மாறிப் போகும். ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போவது அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று காட்டுகிறது. ஆனாலும் முழு வயரிங்கையும் மாற்றச் சொல்வது அவசரம். உங்கள் காரைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் இந்த வரிசையில் பாருங்கள். வலது ஹோல்டரைக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு பித்தளைத் தகடுகள் பல்பைக் கெட்டியாகக் கவ்வுகின்றனவா, பச்சை பிடித்திருக்கின்றனவா, பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்குகிறதா என்று பாருங்கள். எல்இடியின் அடியில் வளைத்துவிட்ட கம்பி கண்ணாடிப் பல்பின் கம்பியைவிட மெல்லியது, பல வருடம் சூட்டில் தளர்ந்த தகடு அதை விட்டுவிடும். ரப்பர் வளையம் இருக்கிறதா, எல்இடியின் உடம்பு பருத்து ஹோல்டர் முழுதாகப் பூட்டாமல் நிற்கிறதா என்பதும் முக்கியம். பூட்டாமல் நின்றால் ஒக்டோபர் மழைக்கு ஈரம் உள்ளே போகும், அந்த ஈரத்தில் எந்தப் பிராண்டும் நிலைக்காது. பல்ப் தளர்வாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: ஹோல்டரைக் கழற்றும்போது பல்ப் கூட்டுக்குள் விழுந்துவிடும், எடுக்க பம்பரையும் லைற்றையும் கழற்ற வேண்டி வரும். எல்இடி எரியவே இல்லையென்றால் பயப்படாமல் 180 பாகை திருப்பிச் செருகிப் பாருங்கள், பல எல்இடிகளுக்கு நேர்முனை எதிர்முனை உண்டு.

பிறகு இரண்டு பக்கமும் பழைய இழைப் பல்பைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, லைற் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் இரண்டு தகட்டிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். எல்இடியை வைத்து அளந்தால் மின்னோட்டம் குறைவாக இருப்பதால் பழுது ஒளிந்துகொள்ளும், இழைப் பல்ப்தான் வயரைச் சோதிக்கும். பற்றரியில் 14.2 இருந்து இரண்டு ஹோல்டரிலும் 13.8க்குக் கிட்ட இருந்தால் உங்கள் வயரிங்கில் பழுது இல்லை. வலதில் மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மறு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் (மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் பக்கம்) வையுங்கள். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து மறுபடி பூட்டினால் முடியும். எர்த் சரியாக இருந்தால் ஹோல்டரை வயர்த் துண்டோடு மாற்றச் சொல்லுங்கள். டெல்கந்தையில் பழைய சாமான் விற்கும் இடங்களில் அதே மாடல் காரில் இருந்து வெட்டியெடுத்த ஹோல்டர் கிடைக்கும், இணைப்பை முறுக்கிவிடாமல் ஈயம் வைத்து, சூடாக்கினால் இறுகி மூடும் சுருக்குக் குழாய் போட்டால் போதும். புது ஹோல்டருக்குப் பிறகும் வலதில் வோல்ட் குறைந்தே இருந்தால்தான் பாஸ் சொன்னபடி வயரை எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் வலது பக்கத்துக்குப் போகும் கிளையை மட்டும் பார்த்தால் போதும்.